சிவப்புப் பொட்டு வைத்த மூன்று குமிழ்கள்

நேற்று சனிக்கிழமை. நீ செய்வது போலவே கேஸ் அடுப்பில் திருகுகிற மூன்று குமிழ்களையும் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டேன். பிசுக்கு போனதும், ஒவ்வொன்றின் மேலும் நீ நகப்பூச்சால் வைத்த சிவப்புப் பொட்டு பளிச்சென்று தெரிந்தது. கம்பெனிக்காரன் போட்ட எழுத்து அழிந்துபோனபோது வைத்தாய். பொட்டு மேலே இருந்தால் அடுப்பு அணைந்திருக்கிறது என்று எனக்குச் சொல்ல வந்தாய். நான் என்ன சமைக்கவா போகிறேன் என்று பேப்பரை விரித்துக்கொண்டவன் நான்.

இப்போது சமைக்கிறேன். பருப்பை ஊற வைத்துத்தான் ஏற்றுகிறேன். விசில் வந்ததும் தீயைக் குறைக்கிறேன். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றி, ஊசியால் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்கிறேன். சின்னப் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைக்கப் போனால் உன் குரல் கேட்கிறது. "தீ வெளிய எட்டிப் பாத்தா நாம செவுத்துக்குச் சமைக்கிறோம்னு அர்த்தம்." இதெல்லாம் எனக்கு வந்துவிட்டது. வராதது ஒன்றுதான். அடுப்பை அணைத்துவிட்டு வீட்டை விட்டு வெளியே போக வரவில்லை.

சிரிக்காதே. பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போகிறேன், அங்கே கால் நின்றுவிடுகிறது. அணைத்தேனா? திரும்பி வந்து பார்க்கிறேன். பொட்டு மேலேதான் இருக்கிறது. மறுபடி பூட்டு, மறுபடி தெருமுனை. பார்த்தேன் சரி, ஒழுங்காகப் பார்த்தேனா? சிலிண்டரை மூடினாலும் இதே சந்தேகம்தான். மூன்றாவது முறை சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன். கடற்கரை பத்து நிமிட நடை. நீ கண்ணை மூடியபின் ஒரு நாளும் போகவில்லை. அரியாங்குப்பத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பி இரண்டு முறை திரும்பிவிட்டேன். வெயில் என்று அவளிடம் பொய் சொன்னேன். சொந்த வீட்டிலேயே சிறை கிடக்கிறேன்.

இதே தெருமுனையில்தான் நீயும் நிற்பாய். "ஏங்க, அடுப்ப நிறுத்துனனா? ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்." எத்தனை தடவை உன்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். என் தங்கை மகன் கல்யாணத்தன்று உன்னைத் திரும்பவே விடவில்லை. "வீடு ஒண்ணும் பறந்துடாது, ஏறு வண்டில" என்றேன். பந்தியில் உன் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. வீடு வந்ததும் செருப்போடு சமையலறைக்கு ஓடினாய். அடுப்பு அணைந்துதான் இருந்தது. அதைச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நீ என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நிறுத்துனது கைக்குத் தெரியுதுங்க. மனசுக்குத்தான் தெரியல." அது எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளப் பார்க்கவும் இல்லை.

இன்று பேத்திக்கு மாதா கோயிலில் புதுநன்மை, முதல்முறை நற்கருணை வாங்குகிற நாள். "இதுக்காவது வருவியாப்பா? புள்ள உன்னத்தான் கேக்குது" என்று மகள் போனிலேயே அழுதிருந்தாள். காலையில் காப்பி போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். தெருமுனை, வீடு, தெருமுனை, வீடு. பூசைக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான். எனக்கு வந்ததே ஒரு கோபம், உள்ளே போய் மூன்று குமிழ்களையும் பொட்டு மேலே இருப்பதைப் பார்த்துப் பிடுங்கினேன். பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டைப் பூட்டினேன்.

தெருமுனையில் வழக்கம்போல் கால் நின்றது. பாக்கெட்டுக்குள் கையை விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. கால் நகர்ந்தது. பஸ்ஸில் ஏறி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியும் கையை வெளியே எடுக்கவில்லை. கோயிலில் வெள்ளைக் கவுனும் முக்காடுமாகப் பிள்ளை என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். நான் கும்பிடக்கூட ஒரு கையைத்தான் எடுத்தேன்.

இதை எழுதும்போதும் அவை பாக்கெட்டில்தான் இருக்கின்றன. இனி எங்கே போனாலும் கூடவே வரும். பார்க்கிறவர்கள் கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று சொல்லட்டும்.

மதியம் விருந்தில் பசித்துச் சாப்பிட்டேன். மகள் இரண்டாவது முறை பிரியாணி வைக்க வந்தபோது, கல்யாணப் பந்தியில் உன் இலை நினைவுக்கு வந்தது. அதற்குமேல் இறங்கவில்லை. அன்று உன்னை அதட்டிய நேரத்தில் நான் உள்ளே போய், இந்த மூன்றையும் பிடுங்கி வந்து உன் கையில் கொடுத்திருக்கலாம். அரை நிமிட வேலை. நீ சாப்பிட்டிருப்பாய்.