ஒரே ஒரு பியூரெட்

பெரம்பலூர், 1982 ஆகஸ்ட், செவ்வாய் இரவு

படுத்தும் தூக்கம் வரவில்லை. மலேசியாவிலிருந்து வந்து பிளஸ் டூவில் சேர்ந்திருக்கும் லப்பைக்குடிக்காட்டுப் பெண் சபீனா, இன்று என் வேதியியல் செய்முறை வகுப்பில் நேராக வந்து பியூரெட்டின் திருகைத் திருப்பிவிட்டாள். பள்ளிக்கே அந்த ஒரு கண்ணாடிக் குழாய்தான். எப்போதும் நான் செய்வேன். பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

“கைய எடு! ஒடஞ்சா வேற இல்ல” என்று கத்திவிட்டேன்.

“அங்க கவர்மெண்டே ஆளுக்கு ஒண்ணு குடுக்கும் டீச்சர்” என்றாள்.

சாயங்காலம் ஹெட்மாஸ்டரிடம் இன்னும் நாலு கேட்டேன். “அவங்க ஒரு புள்ளைக்குச் செலவழிக்கறத நம்ம கவர்மெண்டு ஒரு வகுப்புக்கே குடுக்காதும்மா. ஒப்பிட்டு என்ன பண்றது?” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. எரிச்சலே அதுதான்.

பரீட்சையில் இவர்கள் தங்கள் கையால் செய்யவேண்டும். இதுவரை ஒருத்திகூட “நானும் செஞ்சு பாக்கறேன் டீச்சர்” என்று கேட்டதில்லை. அடக்கமான பிள்ளைகள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நான் கத்தியபோது மற்றவர்கள் வழக்கம்போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். சபீனா அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் கட்டிக்கொண்டாள்.