சொல்வதை எழுதுபவர்

ஜூன் 3

காலை ஆறு மணிக்கு ஒரு பழைய வினாத்தாள். நாற்பது கேள்வி, நாற்பது நிமிடம். பத்தொன்பது சரி. வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேரை உட்கார வை என்றால் என் மேசையில் ஏழு பேர்தான் உட்காருகிறார்கள். எட்டாவது ஆள் எப்போதும் யார் மடியிலாவது இருக்கிறார்.

தங்கைதான் கேள்வியை வாசிக்கிறாள். நான் சொல்லும் விடையைக் குறிப்பதும் அவள்தான். அட்டைப்பெட்டி ஆலையின் வெட்டும் இயந்திரம் என் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டு நான்கு வருடம் ஆகிறது. இடது கையால் எழுதப் பழகிவிட்டேன், ஆனால் ஆமை வேகம். அதனால் தேர்வில் எனக்கு ஓர் ஆள் உண்டு. விதிப் புத்தகத்தில் அவருக்குப் பெயர் ‘சொல்வதை எழுதுபவர்’. இந்தக் குறிப்பு சில நாள் ஒரு வரியோடு நிற்பதும் கை வலியால்தான். பெரிய ஞானமெல்லாம் ஒன்றும் இல்லை.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு ஆகஸ்ட் பதினேழு. முப்பது வயதானால் எழுத விடமாட்டார்கள். நவம்பரில் எனக்கு முப்பது. என் விபத்து விசாரணையில் எனக்காகப் பேச வந்த வக்கீல் என் பெயரையே தப்பாகச் சொன்னார். அன்று பிடித்த பைத்தியம் இது. இப்போது ஆலை வாசலில் வண்டி எண் குறிக்கும் வேலை. அப்படியே கிழவனாகிவிட எனக்கு விருப்பம் இல்லை.

ஜூன் 4

பதினெட்டு. கை வலி.

ஜூன் 10

எல்லா ஆணிகளும் இரும்பு. சில இரும்புகள் துருப்பிடித்தவை. ஆகவே சில ஆணிகள் துருப்பிடித்தவை. சரியா, தவறா?

சரி என்றேன். தவறாம். நாற்பது நிமிடம் முடிந்து விடைகளைச் சரிபார்க்கும்போது தங்கை சொன்னாள்: “அந்தத் துருப்பிடிச்சதுல ஆணி ஒண்ணுகூட இல்லாம இருக்கலாம்ணா. குடுத்தத மட்டும் வெச்சுப் பாரு. உன் வீட்டு ஆணிய நெனச்சுக்காத.”

விடைப் பக்கத்தில் விளக்கம் போட்டிருப்பார்கள்போல.

ஜூன் 21

முப்பத்தொன்று! அம்மா தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். அவளுக்குத் தெரிந்த பாராட்டு அதுதான்.

ஜூன் 28

முப்பத்து நான்கு. ஆனால் இன்று ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

பன்னிரண்டாம் கேள்விக்கு “பி” என்றேன். அவள் பேனா தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. கண் சிமிட்டும் நேரம், அவ்வளவுதான். உடனே நான், “இரு இரு, டி,” என்றேன். பேனா இறங்கியது. டி சரியான விடை. யோசித்துப் பார்த்தால் இரண்டு வாரமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். விடையைச் சொல்வது, பேனாவைப் பார்ப்பது, நின்றால் மாற்றுவது. மூளை வேலை செய்கிறது என்று நான் நினைத்தேன். வேலை செய்தது கண்.

அவளுக்கு இது தெரியாது. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, தெரியாது.

ஜூன் 30

சோதித்துப் பார்த்தேன். என்னோடு ஆலை வாசலில் நிற்கும் காவலாளியை எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டு இடைவேளையில் அவரை வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு கேள்வியையும் ஏதோ புகார் மனுபோல வாசித்தார். “ஏம்ப்பா, இந்த எட்டுப் பேரும் ஒழுங்கா உக்காந்தா என்னவாம்? நம்ம உயிர எடுக்கறாங்க.” நான் என்ன சொன்னாலும் அழுத்தமாக ஒரு கோடு.

பதினேழு.

ஜூலை 2

அவளிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் பேனா நிற்காது. சொல்லாவிட்டால் இது திருட்டா? அவளாக எதையும் சொல்லித் தரவில்லை. நானாகக் கேட்கவும் இல்லை. பேனா காற்றில் நிற்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை — இப்போதே வக்கீல்போலப் பேசுகிறேன். சொல்லப் போவதில்லை.

ஜூலை 8

தங்கையிடம் ஏதோ நடக்கிறது. கொடுக்கப்பட்ட தகவல்கள்: போன வியாழன் போட்டோ எடுத்து வந்தாள், யாருக்கும் காட்டவில்லை. அம்மாவிடம் அலமாரிச் சாவி வாங்கிப் பிறப்புச் சான்றிதழை எடுத்தாள். நான் அறைக்குள் போனால் ஏதோ ஒரு காகிதம் தலையணைக்கு அடியில் போகிறது. வயது இருபத்திரண்டு.

இதற்கு எட்டுப் பேரை உட்கார வைக்க வேண்டியதில்லை. எவனோ ஒருவன்.

ஜூலை 11

கேட்டுவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“யாரு அவன்?”

“எவன்?”

“போட்டோ எவனுக்கு? சர்டிபிகேட் எதுக்கு?”

என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே போய் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து மடித்த துணியின் மேல் வைத்தாள். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு, விண்ணப்பப் படிவம். கையெழுத்து உட்பட எல்லாம் நிரப்பியிருந்தது.

“உங்கிட்ட சொல்லாம குடுக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கேன். நான் பரீட்சை எழுதினா உனக்கு எழுத முடியாதுல்ல.”

உண்மைதான். அதே தேர்வை எழுதுகிறவர் இன்னொருவருக்குச் சொல்வதை எழுதுபவராக வர முடியாது.

“நீ வேணாம்னா விட்டுடறேண்ணா.”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

ஜூலை 12

ஒரு வருஷமா என் புத்தகம், என் வினாத்தாள். எனக்கு எழுதறதுக்குன்னு வந்து உக்காந்தவ எனக்கே போட்டியா? அவளுக்கு வயசு இருக்கு. அடுத்த வருஷம் இருக்கு, அதுக்கடுத்த வருஷம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?

கோபத்தோடு பழைய வினாத்தாள் கட்டை இழுத்துப் பிரித்தேன். ஒவ்வொரு கேள்வியிலும் நான்கு விடைகளில் ஏதோ ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. ஏதோ அழுக்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவளுடைய விடைகள். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தாறு. முப்பத்தெட்டு. முப்பத்தேழு. எனக்கு வாசித்துக்கொண்டே, எனக்குக் குறித்துக்கொண்டே, அதே நாற்பது நிமிடத்தில்.

ஆணிக் கணக்கின் விளக்கத்தைத் தேடினேன். விடைப் பக்கத்தில் ஓர் எழுத்து மட்டும் இருக்கிறது. விளக்கம் எதுவும் இல்லை.

ஜூலை 13

அம்மா பஞ்சாயத்து செய்துவிட்டாள். “இந்த வருஷம் அண்ணனுக்கு எழுதிக் குடு. அடுத்த வருஷம் நீ எழுதிக்க. அவனுக்கு இதான் கடைசி. உனக்கென்ன அவசரம்?”

தங்கை சரி என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ஆள் இல்லாதவருக்குத் தேர்வு மையமே ஓர் ஆளைத் தரும். அதுவும் விதியில் இருக்கிறது, ஐந்தாவது வரி. எனக்கு விதிகளை வாசித்துக் காட்டியதே அவள்தான். அவளுக்குத் தெரியாமல் இருக்காது. அவள் அதைச் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 15

விண்ணப்பிக்கக் கடைசி நாள், மாலை ஐந்து வரை. விடுப்பில் இருந்த மீசையின் நேரத்தையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 24

இருபத்து மூன்று.

ஆகஸ்ட் 1

இருபது. பேனா நிற்பதே இல்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் கோடு விழுகிறது. வேண்டுமென்றே ஒரு தப்பான விடை சொன்னேன். அதையும் குறித்தாள், அடுத்த கேள்வியை வாசித்தாள். குரலில் கோபம் இல்லை, ஒன்றும் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கிறாள்.

பழிவாங்குகிறாளா? வாங்கட்டும். ஆனால் பேனா நின்றதே அவளுக்குத் தெரியாது என்றால் நிறுத்தாமல் இருக்க எப்படித் தெரியும்? இந்தக் கணக்கு எனக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 17

தேர்வு. எங்களுக்குத் தனி அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கதவோரம் கண்காணிப்பாளர். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை, தன் மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார். தங்கை தெளிவாக வாசித்தாள். நான் சொன்னேன். அவள் குறித்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கடைசிக் கேள்வி வரை நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறைகூட நிற்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் பொறுக்க முடியாமல் கேட்டேன். “முன்னெல்லாம் நான் தப்பா சொன்னா உன் பேனா நிக்கும். இப்ப ஏன் நிக்கல?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள்.

“அப்படியா நின்னுச்சு? அப்ப நானும் கூடவே போட்டுப் பாப்பேன்ல, அதனால இருக்கும். இப்பல்லாம் போட்டுப் பாக்கறதில்லண்ணா. வாசிக்கறேன், நீ சொல்றத எழுதறேன்.”

“எப்பலேர்ந்து?”

“அந்த பதினஞ்சாந்தேதிலேர்ந்து. அதுக்கப்புறம் எதுக்குன்னு தோணிச்சு.”

பேருந்து வந்தது. ஓர் இடம்தான் காலி. என்னை உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை, அவளும் உட்காரவில்லை. யாரோ உட்கார்ந்துகொண்டார்.

அவளை நான் என்ன செய்துவிட்டேன் என்று இன்றுதான் தெரிகிறது.

அக்டோபர் 9

முடிவு வந்துவிட்டது. எனக்கு இடம் இல்லை. கிட்டத்தில்கூட வரவில்லை. அம்மா அழுதாள். தங்கை காலையிலேயே போய்விட்டாள். பல் மருத்துவர் ஒருவரிடம் சீட்டு எழுதும் வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. வினாத்தாள் கட்டைப் பழைய காகிதக்காரருக்குப் போடலாமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்றேன்.

நவம்பர் 22

முப்பது.

ஜூலை 9

எழுதி எட்டு மாதம் ஆகிறது. இன்று எழுத வேண்டும்.

இந்த வருடத்துப் படிவம் ஒன்றை வாங்கி, அவள் பெயரில் என் இடது கையாலேயே நிரப்பினேன். மூன்று நாள் ஆனது. கோணல் மாணல்தான், ஆனால் அடித்தல் இல்லை. ஆலையில் அரை நாள் விடுப்புச் சொல்லி, பல் மருத்துவர் இடத்துக்கே எடுத்துக்கொண்டு போனேன். கூட்டம். வீங்கிய கன்னங்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். கூட்டம் குறைந்ததும் மேசையில் படிவத்தை வைத்தேன்.

“கையெழுத்துப் போடு. பதினஞ்சு கடைசி. நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன். இனிமே காலைல உனக்கு நான் வாசிக்கறேன்.”

அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் படித்தாள். என் கோணல் எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மடித்து என்னிடமே கொடுத்தாள்.

“நான் திங்கக்கெழமையே குடுத்துட்டேண்ணா. சாப்பாட்டு நேரத்துல இங்கயே உக்காந்து படிக்கறேன். நானே வாசிச்சுக்கறேன்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“போன தடவ சொன்னேனே.”

அதை அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அடுத்த எண்ணைக் கூப்பிட எழுந்தவள் திரும்பி, “அம்மாகிட்ட இப்ப சொல்லிடாதண்ணா,” என்றாள்.

ஆகட்டும் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், இந்நேரத்தில் எங்கே போயிருந்தாய் என்று. பல் வலி என்றேன்.