ஜெமீலின் வாப்பா நீட்டிய கை

28 டிசம்பர் 1957, சனி

இன்று அஸர் தொழுகைக்குப் பின் ஜெமீலை அடக்கினோம். சவளக்கடைக் கிராமத்தில் வெள்ளத்துக்குள் அகப்பட்ட சனங்களைத் தோணியில் ஏற்றப் போன என் சாரணன். கடைசித் தோணி கவிழ்ந்தது. மற்றப் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக் கரையேறினார்கள். அவன் ஏறவில்லை.

கயிற்றுப் பாலம் கட்டிக் கேடயம் வென்ற குழு எங்களுடையது. பாடசாலை அலுமாரியில் அது மினுங்கிக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமை அதைக் கண்ணில் படாமல் எங்காவது உள்ளே வைக்க வேண்டும்.

அவனுடைய வாப்பா கல்முனைக்குடியில் மீன்பிடிப்பவர். சாரணர் இடக்கையால்தான் கைகொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, போன மாதம் பாடசாலைக்கே வந்து சத்தம் போட்டார்.

"கழுவுற கையாலயா சேர் என்ட புள்ளைக்குக் கைகுடுக்கப் பழக்கிற?"

நான் சொன்ன விளக்கம் எதையும் அவர் கேட்கவில்லை.

இன்று அடக்கம் முடிந்ததும் மையவாடியில் எல்லாரும் அவருக்குக் கைகொடுத்து விடைபெற்றார்கள். என் முறை வந்தபோது வலக்கையை நீட்டினேன். அவர் இடக்கையை நீட்டினார்.

"இந்தக் கையத்தானே சேர் நீங்க பிடிக்கிற? இதுதான் நெஞ்சுக்குக் கிட்ட உள்ள கை எண்டு புள்ள சொல்லித் தந்தான்."

பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்காயர்மார் முகம் சுளித்தார்கள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் நீட்டிய வலக்கையை மாற்றவில்லை. அவர் கை சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு அதை உடுத்திருந்த சாரனில் துடைத்துவிட்டு, வலக்கையைத் தந்தார்.