றமேசுக்காக வைத்த கையெழுத்து

டோர்செட் பார்க்
புதன்கிழமை மத்தியானம்

அன்புள்ள மகள் ஸ்டெபனிக்கு,

அப்பா எழுதுகிறேன். மாதாவின் காவலில் நானும் அம்மாவும் இருக்கிறோம், நீயும் மருமகனும் கல்கரியில் சுகமாக இருக்க வேண்டும், அவருடைய குறட்டையும் சுகம்தானே. அம்மாவுக்குச் சீனி கூடிவிட்டது, கேக்கைக் குறைக்கச் சொன்னால் என்னைக் குறைக்கப் பார்க்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று சிரிக்காதே. போனில் கதைத்தால் உன் தம்பி றமேசுக்குக் கேட்கும், எழுதினால் அவனுக்கு வாசிக்கத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அவன் அழுதான் என்று விட்டோம். நீயும்தான் அழுதாய், உன்னை இழுத்துக்கொண்டு போனோம். எது சரியென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நீ சொன்னபடி நேற்று கோர்ட்டுக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டேன். அந்தப் பேப்பரோடு பொலிஸ் வந்து றமேசை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும், டொக்டர் நினைத்தால் மூன்று நாள் வைத்திருக்கலாம். அவன் போதைத் தூள் இழுத்து இரண்டு தரம் குளியலறையில் நீலமாகிக் கிடந்ததையும், எழுப்பாமல் விட்டிருந்தால் நல்லம் என்று சொன்னதையும் பைபிளில் கை வைத்துச் சொன்னேன். மகன் எனக்கு மட்டும் சொன்ன சொல் அது. அழுகை வரவில்லை. வெளியே வந்து கோப்பி குடித்தேன், சூடா ஆறியதா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் பிள்ளை முன்னமே சொன்னவள், மூன்று நாள் எடுக்காமல் இருந்துவிட்டு வந்து பழைய அளவை எடுத்தால் உடம்பு தாங்காது என்று. விட்டாலும் சாவான் பிடித்தாலும் சாவான் என்றால் தகப்பன் எதில் கையெழுத்து வைப்பது.

போன ஆவணியில் நான் செய்த வேலை உனக்குத் தெரியாது. மிட்லண்டுக்கு மடுமாதா திருவிழாவுக்குப் போகிறோம் என்று அவனை என் வான் வண்டியில் ஏற்றி ஒரு மறுவாழ்வு நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினேன். அம்மா திருவிழாவுக்குக் கட்டுவது போலவே சோறு கட்டித் தந்தவள். அங்கிருந்தவர்கள் நீ விரும்பித்தான் வந்தாயா என்று கேட்க, அப்பா மாதாவிட்டை எண்டெல்லோ கூட்டிக்கொண்டு வந்தவர் என்றான். விருப்பமில்லாதவரை வைத்திருக்க மாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வர இரண்டு மணித்தியாலம், கட்டின சோற்றை ஒருவரும் அவிழ்க்கவில்லை. அதற்குப் பிறகு கடைக்குப் போகக்கூட அவன் என் வானில் ஏறுவதில்லை.

அதனால் இந்தமுறை மறைக்காமல் இன்று காலை அவனிடமே சொல்லிவிட்டேன். தம்பி, கையெழுத்து வைச்சிட்டன், பொலிஸ் வரும் என்றேன். சோபாவில் கிடந்தபடி, ஏன் சொல்லுறீங்கள், நான் ஓடிடுவன் எல்லோ என்றான். ஓடு, கதவு பூட்டேல்லை, ஆனா உன்ர ஓட்டம் எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்திலையும் கடைசியாத்தானே வந்தனி என்றேன். கொஞ்சம் சிரித்தான் என்று நினைக்கிறேன். பிறகு, ஆர் வைக்கச் சொன்னது, அக்காவோ என்று கேட்டான். இல்லை, என்ர மூளைதான் என்றேன். இனி அவனுக்குப் பொய் சொல்வதில்லை என்று இருந்த நான், ஐந்து நிமிடம் தாங்கவில்லை. இப்போது குளியலறையில் ஷேவ் எடுக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போகத்தானா ஓடத்தானா என்று நான் கேட்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மாதா உங்கள் இரண்டு பேருக்கும் துணையாக இருப்பா. குளிருக்குத் தொப்பி போடு, தலைமயிர் கெட்டுவிடும் என்று பார்க்காதே. ஒன்றை மட்டும் மறக்காதே மகள். நீ சொல்லித்தான் வைத்தேன் என்று அவனுக்கு ஒருநாளும் சொல்லாதே, நான் செத்த பிறகும் சொல்லாதே. அவன் எங்கே கிடந்தாலும், போன் எடுத்துக் கதைக்க அக்கா என்று ஒரு ஆள் அவனுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அகஸ்ரின்