பாண்டியம்மா கண்ணயர்ந்த பாட்டு

ஏலக்காய் வாசம் விரலைவிட்டுப் போகாத என் அம்மாவுக்கு,

பாட்டில் பாண்டியம்மா அத்தையின் பேர் வந்தது. முதலில் அதைத்தான் கவனித்தேன்.

பெரியம்மா மகன் கதிர் அண்ணன், பழனிசெட்டிபட்டியில் ஒரு மாடி அறையில் பாடிப் பழகிக்கொண்டிருந்தார். லேப்டாப்பிலேயே பாட்டுப் பண்ணுவாரே, நீ தவறிப்போன பிறகு அதை விட்டுவிட்டார். இப்போது டிரம்ஸுக்கு ஒருவர், கிதாருக்கு ஒருவர், சொந்தமாக எழுதிய பாட்டு. "சித்தி குரல் அப்படியே ஒனக்கு இருக்கு, கூட நின்னு பாடு" என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்.

"கண்ண முழி பாண்டியம்மா" என்று அவர் பாடியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போடியில் நாம் ஏலக்காய் தரம் பிரிக்கும்போது யார் கண்ணயர்ந்தாலும் அவர்கள் பேரைப் போட்டு நீ பாட்டுக் கட்டுவாய். அன்றைக்கு அத்தை முறத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார். நீ பாடியதை அண்ணன் போனில் பதிவு செய்தார்.

அதில் இரண்டு சொல்லை மட்டும் வெட்டி, லேப்டாப் பாட்டில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். மினிபஸ்ஸில் அந்தப் பாட்டைப் போட்டபோது கேட்டு நீ சிரித்தாய். "என்னையக் கொத்துப் பரோட்டா போட்டுட்டான்டி." எனக்கு அன்றே பிடிக்கவில்லை. ஆனாலும் அது உன் குரல். "இது யாரு பாடுறாக?" என்று பஸ்ஸில் ஒருவர் கேட்டாரே.

இனி யார் கேட்பார்கள்? இப்போது குரலும் அண்ணனுடையது, சொல்லும் அவருடையதாம். "யாருண்ணே பாண்டியம்மா?" என்று கிதார்காரர் கேட்டதற்கு, "சுருளி அருவிகிட்ட எனக்காகக் காத்திருந்த பொண்ணு. மனசுல தோணுச்சு" என்றார்.

மறுநாள் அத்தையிடம் சொன்னேன்.

"ஏ ஆத்தா! முட்டுவலிக்காரி நான் சுருளியில போயி நின்னேனாக்கும்? அவன் இங்கன வரட்டும், மொறத்தாலயே சாத்துறேன்." சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "ஒங்கம்மா பாட்டுன்னு நீ சொல்லலியாடி?"

சொல்லவில்லை. நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வருமா அம்மா?

நேற்று மறுபடியும் போனேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "அது அம்மா பாட்டுண்ணே" என்றேன்.

"சித்தி வேலையில சும்மா பேசுனது பாப்பா அது. அதப் பாட்டாக்குனது நானு. எட்டாப்போட நின்ன புள்ள, ஒனக்கு இதெல்லாம் புரியாது."

நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்து, நான் கையே நனைக்கவில்லை என்று சொல்வதைப்போல இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எத்தனாவது வரைக்கும் படிக்க வேண்டும்?

உன் பேர் இல்லாமல் இந்தப் பாட்டை நான் எங்கேயும் பாட மாட்டேன். இது சத்தியம்.

மைக்குக்கு முன்னால் பாட்டுத் தாள் இருந்தது. 'வரிகள்: கதிர்' என்று அச்சாகியிருந்தது. டிரம்ஸ்காரரிடம் பேனா வாங்கினேன். 'கதிர்' என்பதை அடித்துவிட்டு, 'மு. ராசாத்தி' என்று உன் பேரை எழுதினேன்.

உன் மகள்
சுதா