வலது காலில் கட்டிய நூல்

இன்று காலை பக்கத்து வீட்டில் ஆமணக்குக் கொட்டை வறுத்தார்கள். அந்தக் கருகல் வாசனை சுவர் தாண்டி வந்து எங்கள் தறிக்குழிக்குள் இறங்கியது. அவ்வளவுதான். வலது கால் மிதியில் இறங்கவேண்டிய நேரத்தில் இறங்கவில்லை. இடது கால் எழும்பியும் எழும்பாமலும் நின்றுவிட்டது. கைக்கு இதெல்லாம் தெரியாதே! பாதி திறந்த பாவின் நீள இழைகளுக்குள் அது குறுக்கு நூல் நாடாவை விட்டெறிந்தது. நாலைந்து இழை பட்டென்று அறுந்தது.

எதிர்த்தறியில் இருந்த அப்பா தலையைத் தூக்கவே இல்லை.

"மறுபடியும் சேலம் ரோட்டுக்குப் போயிட்டயா?" என்றார்.

"ஆமாங்க."

"சரி, வந்து முடிச்சுப் போடு."

முடிச்சுப் போட்டேன். ஆனால் வாசனை போகவில்லை. உனக்கு எழுதினால்தான் போகும் என்று தோன்றியது. முகவரி இல்லாத கார்டு இது. கார்டு போட்டே பழகிய நம் கூட்டத்தில் முகவரி இல்லாமல் எழுதுகிற முதல் ஆள் நான்தான்.

நாம் முகம் பார்ப்பதற்கு முன்பே சண்டை போட்டவர்கள். சேலத்தில் நீ வேலை பார்த்த சைக்கிள் கடைக்கு நான் ஒரு கார்டு போட்டேன். என் மோட்டார் சைக்கிள் கிளம்ப மறுக்கிறது, தீப்பொறி தருகிற மேக்னெட்டோவில்தான் கோளாறு, எப்படிக் கழற்றுவது என்று கேட்டிருந்தேன். நான்காம் நாள் உன் பதில் வந்தது. "மேக்னெட்டோவைக் குற்றம் சொல்லாதே. முதலில் பெட்ரோல் குழாயைத் திறந்தாயா என்று பார்." போய்ப் பார்த்தேன். திறக்கவில்லை. அதை உனக்கு எழுதாமல், மேக்னெட்டோவைப் பற்றி இன்னும் இரண்டு கேள்வி கேட்டு எழுதினேன். உனக்குப் புரிந்துவிட்டது என்று அடுத்த கார்டில் நீ வரைந்திருந்த குழாய்ப் படமே சொன்னது.

அப்படித்தான் நம் கூட்டம் வளர்ந்தது. கோயமுத்தூரில் ஒருவன், ஈரோட்டில் ஒருவன், திருச்சியில் ஒருவன். யாரும் யாரையும் பார்த்ததில்லை. பக்கோடா மடித்து வந்த இங்கிலீஷ் பேப்பரில் ஒரு பந்தய வண்டியின் படம் கிடைத்தால் போதும், அந்த வாரம் முழுக்க ஐந்து ஊர்த் தபால்காரர்களுக்கும் நம்மால் வேலை. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். சொந்தமாக வண்டி இருந்தது எனக்கு மட்டும்தான்.

அந்த வண்டியும் உலக யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தார் கழித்துப் போட்டதுதான். ஏலத்தில் எடுத்த லாரிக்காரர், அப்பா நெய்த புடவைகளுக்குப் பதிலாக அதை எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. ராசிபுரத்தில் என் கண்ணுக்குத் தெரிந்து வேறு மோட்டார் சைக்கிளும் கிடையாது. நானே உதைத்தேன், நானே ஓட்டினேன், நானே விழுந்தேன்.

பந்தயக்காரர்கள் இன்ஜினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுகிறார்கள் என்று கோயமுத்தூர்க்காரன் எழுதியதும் எனக்குக் கை நிற்கவில்லை. ஆமணக்கு விளைகிற சீமையில் இருந்துகொண்டு இதைச் செய்யாவிட்டால் எப்படி? நீ முதல்முறை கரியில் ஓடுகிற பஸ்ஸில் ராசிபுரம் வந்து இறங்கியபோது நான் எண்ணெய்ச் சட்டியும் கையுமாக நின்றிருந்தேன்.

"வண்டிக்கு பேதிக்குக் குடுக்கறியாடா, தறிக்காரா?"

நீ நேரில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அன்று எழுந்த புகையில் தெருவே ஆமணக்கு வறுத்த மாதிரி மணத்தது. நாம் இருவரும் மூக்கை விரித்துக்கொண்டு நின்றோம், ஏதோ பந்தயத்தில் ஜெயித்துவிட்டவர்களைப் போல.

ஆனால் நீ வந்த காரணம் வேறு. நான் மூன்றாம் முறை விழுந்திருந்தேன். முதல் தடவை கள்ளிவேலி, இரண்டாம் தடவை வாய்க்கால். மூன்றாவதுதான் பெரிய சங்கதி. பாவடியில், தெருவின் நீளத்துக்குக் கஞ்சி போட்டு இழுத்துக் கட்டியிருந்த பாவுக்குள் நேராகப் புகுந்துவிட்டேன். பாவுக்காரி அக்கா அழக்கூட இல்லை.

"ஏஞ்சாமி, ரோடு அத்தன நீளமாக் கெடக்குது, எம் பாவுதான் கெடச்சுதா உனக்கு?" என்று கேட்டுவிட்டு இழை பொறுக்க உட்கார்ந்தாள். எங்கள் வீடே போய் இரண்டு நாள் அவளோடு உட்கார்ந்து பொறுக்கியது.

அன்று சாயங்காலம் அப்பா தீர்ப்புச் சொன்னார். "வைகாசித் தேருக்கு என்னைய இந்த வண்டியில திருச்செங்கோட்டுக்குக் கூட்டிட்டுப் போ. ஒழுங்காப் போய்ச் சேந்தா வண்டி ஊட்டுல இருக்கட்டும். வழியில உழுந்தாலும் சரி, உழுகப் பாத்தாலும் சரி, லாரிக்காரன் வந்து தூக்கிட்டுப் போயிருவான். சொல்லிப்போட்டேன்."

தேருக்கு ஒரு மாதம் இருந்தது. உனக்குக் கார்டு போட்டேன். அதில் ஒரே வரி: "வண்டி போய்விடும் போலிருக்கிறது, வா."

நீ வந்து என் பின்னால் உட்காரவில்லை. என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, ஒரு சைக்கிளில் பக்கத்திலேயே மிதித்து வந்தாய். உன் கண் முழுக்க என் காலில். தெருநாய் ஒன்று குறுக்கே வந்தது. நான் தடுமாறி, நாய் தப்பி, வண்டி உறுமி அணைந்ததும் நீ சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாய்:

"டேய், நீ வண்டி ஓட்டலடா! நெய்யற!"

அப்போதுதான் எனக்கே விளங்கியது. அந்த வண்டியில் இடது காலுக்குப் பிரேக், வலது காலுக்குக் கியர். பயந்ததும் என் இடது கால் பிரேக்கை ஒழுங்காகத்தான் அமுக்கியது. ஆனால் இடது அமுங்கினால் அடுத்து வலது அமுங்கவேண்டும், இடது எழும்பவேண்டும். எட்டு வயதிலிருந்து குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்தவனுக்கு அது மூச்சு மாதிரி. பிரேக் பிடித்த கால் தானாக விட்டுவிடும், சும்மா இருக்கவேண்டிய கால் கியரை உதைக்கும், வண்டி முன்னே பாயும். கள்ளிவேலி, வாய்க்கால், பாவு எல்லாவற்றிலும் இதுதான் நடந்திருக்கிறது.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். உனக்கோ ஒரே சந்தோஷம். "கோளாறு கண்டுபிடிச்சாச்சு. பாதி வேலை முடிஞ்சுது" என்றாய். நீ எப்போதும் அப்படித்தான். கழற்றிப் பார்த்தது எதுவும் மாட்ட முடியாமல் போகாது என்று உனக்கு ஒரு நம்பிக்கை.

ஆனால் உன்னிடமும் ஒன்று இருந்ததே! அன்று உன்னைச் சேலத்தில் விட நாம் இருவரும் கிளம்பினோம். நீதான் ஓட்டினாய், மகாராஜா மாதிரி. மல்லூர் தாண்டி ரோட்டோரத்தில் கற்குகை போலக் கட்டியிருக்கிற அந்தச் சின்ன மாதா கெபி கண்ணில் பட்டதும் உன் வலது கை பிடியை விட்டு நெற்றிக்குப் போனது. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். ஆக்ஸிலேட்டர் தளர, வண்டி மணலுக்குள் இறங்கிச் சாய்ந்துவிட்டது. நாம் இருவரும் மாதாவுக்கு முன்னால் பக்கவாட்டில் படுத்திருந்தோம்.

"ஏண்டா, கை பிடியில இருக்குதுன்னு மாதாவுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"மாதாவுக்குத் தெரியும். எங்கம்மாவுக்குத் தெரியாதே. கும்புட்டியான்னு ஊட்டுல கேப்பாங்க. பொய் சொல்லச் சொல்றியா?"

"அப்ப நிறுத்திட்டுக் கும்புடு."

"நிறுத்துன்னு சொல்லிட்டாடா கை போகுது?"

மண்ணைத் தட்டிக்கொண்டே அங்கேயே ஒப்பந்தம் போட்டோம். என் காலுக்கு நீ பொறுப்பு, உன் கைக்கு நான் பொறுப்பு.

ஞாயிறு பூசை முடிந்ததும் நீ வந்துவிடுவாய். ஊர் ஏரி வற்றி வெடித்துக் கிடந்தது, அங்கேதான் ஓட்டிப் பழகினோம். ஆடுகளைத் தவிர வேறு யாரும் இல்லை. பின்னால் உட்கார்ந்துகொண்டு, நான் எதிர்பாராத நேரத்தில் காதுக்குள் கத்துவாய். "எருமை!" வலது கால் உதைக்கும். "மாட்டு வண்டி!" உதைக்கும். "உங்கப்பா!" இரண்டு காலும் உதைக்கும். காலைக் கயிற்றால் கட்டலாம் என்றேன். விழுந்தால் முறியும் என்று திட்டினாய். முட்டியில் குட்டிப் பார்த்தாய். பாட்டுப் பாடச் சொல்லிப் பார்த்தாய். இரண்டு ஞாயிறு போய்விட்டது. நான் வண்டிக்கு மனதுக்குள் விடை கொடுக்கத் தொடங்கியிருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு நீ என் வீட்டுக்குள் போய்த் தறியடியில் கிடந்த நூலில் ஒரு முழம் எடுத்துவந்தாய். ஒற்றை இழை. ஒரு முனையை என் வலது கணுக்காலில் கட்டினாய். மறுமுனையை மேலே இழுத்து, பெட்ரோல் டாங்கிக்குக் கீழே இருந்த இரும்பில், தொய்வு இல்லாமல் கட்டினாய்.

"கியரை விரல் நுனியால போட்டுக்க. காலை முழுசா அமுக்கினா இது அறும். அவ்வளவுதான்."

"இது என்னத்தத் தாங்கும்? எறும்பு இழுத்தாலே போயிருமே!"

"அதாண்டா வேணும். நீ தறிக்காரன். நூல் அறுந்தா உனக்குப் பொறுக்காது. எருமைக்குப் பயப்படாத, நூலுக்குப் பயப்படு. இடதை விடாத."

முதல் சுற்றில் அறுந்தது. வண்டியை நிறுத்தி முடிச்சுப் போட்டேன். அறுந்தது, முடிச்சுப் போட்டேன். பிறகு சிறிது சிறிதாக என் வலது காலுக்கு ஒரு புத்தி வந்தது. நீ எருமை என்று கத்தியபோது அந்த இழை அறுந்துவிடுமே என்று கால் பதறி, அப்படியே அசையாமல் கிடந்தது. இடது கால் மட்டும் அமுங்கி அமுங்கியபடியே இருந்தது. வண்டி ஏரி மண்ணில் கோடு கிழித்து நின்றது. ஆடுகள் நம்மைப் பார்த்தன. நீ இறங்கி ஆடுகளுக்கு நடுவே ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தாய்.

தேர் நாள். அப்பா வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, பின்னால் ஏறி, என் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கணுக்காலில் நூல் கட்டியதைப் பார்த்தும் என்னவென்று கேட்கவில்லை.

ஒரு திருப்பம் திரும்பியதும் கோயில் மலை முழுசாகத் தெரிகிற இடம் ஒன்று உண்டு. அங்கே என் தோளில் இருந்த கனம் சட்டென்று போய்விட்டது. அப்பா இரண்டு கையையும் எடுத்துத் தலைக்குமேல் கூப்பிவிட்டார்! அதே நொடியில் வேலி மறைவிலிருந்து தேருக்குப் போகிற மாட்டு வண்டி ஒன்று ரோட்டுக்கு ஏறியது. பின்னால் பிடிமானம் இல்லாத அப்பா, முன்னால் இரண்டு மாடு.

இடதை விடாதே. உன் குரல்தான். அமுக்கினேன். அமுக்கியபடியே இருந்தேன். வண்டி வால் ஆட்டியது. அப்பாவின் நெற்றி என் முதுகில் மொத்தென்று வந்து மோதியது. மாட்டின் மூச்சு என் முகத்தில் படுகிற தூரத்தில் நின்றோம்.

"சாமிக்குப் போறவரு பாத்துப் போகக்கூடாதுங்களா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

அப்பா குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இழை அப்படியே, தொய்யாமல் நின்றிருந்தது. விரலால் அதை மெல்ல மீட்டிப் பார்த்தார், பாவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போல.

"நூல் அறுவல" என்றார். பிறகு தன் கையைப் பார்த்தார். "மலையப் பாத்தா இது தானாப் போயிருதுடா. என்ன பண்ணட்டும்?"

இதைக் கேட்டு நீ சைக்கிள் கடை வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "உங்கப்பாவையும் நம்ம கூட்டத்துல சேத்துரு. கார்டு நான் போடறேன்" என்றாய். சொன்னபடியே போட்டாய். அப்பா அதை மாடத்தில் வைத்திருக்கிறார்.

உன் கைக்கு நான் கண்ட வழி அவ்வளவு புத்திசாலித்தனமானது அல்ல. கெபி வருவதற்கு முந்தின புளியமரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினேன். துணியைப் பார்த்தால் நிறுத்து, கையை விடு, கும்பிடு, பிறகு கிளம்பு. மூன்றாம் முறையே உனக்குப் படிந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

கார்த்திகையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. வண்டியில் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன், அதற்குள் நீ போய்விட்டாய். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வண்டியாலதான் போவான்னு பயந்து தெனமும் வேண்டிக்கிட்டேன் சாமி. காய்ச்சலுக்குன்னு ஒருநாளும் வேண்டிக்கல." வண்டி அவனை ஒன்றும் செய்யவில்லை அம்மா, அவன் நன்றாக ஓட்டினான் என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. எந்த ஊரில் யார் கேட்டாலும் சொல்வேன்.

நான் இப்போதும் சேலத்துக்கு நூல் எடுக்க அந்த வண்டியில்தான் போகிறேன். அதன்பின் ஒருமுறைகூட விழவில்லை. கணுக்காலில் நூல் கட்டுவதில்லை, தேவையில்லை. தறியில்தான் அவ்வப்போது தகராறு, இன்று காலை போல. அப்பா அதற்கு ஏசுவதில்லை.

ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. போன வாரம் மல்லூர் தாண்டி வந்தேன். வெயிலில் வெளுத்துப்போன துணி புளியமரத்தில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்ததும் என் வலது கை தானாகப் பிடியிலிருந்து எழும்பப் பார்த்தது. என் கை! உன் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கு எந்த நூலைக் கட்டுவது?

எதையும் கட்டவில்லை. இடது காலை அமுக்கினேன். வண்டி கெபிக்கு நேராக நின்றது. வலது கால் அசையவில்லை. பிறகு கையை விட்டேன். எனக்கு அதற்கான வார்த்தைகள் தெரியாது. நீ தொடுகிற வரிசை தெரியும். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள்.

உன் அம்மா கேட்டால், கும்பிட்டாயிற்று என்று இனி நான் சொல்லிக்கொள்கிறேன்.