நிலா வந்தவாசிக்குப் போகவில்லை

மணிமங்கலம்
ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்து எழுதுவது

அன்பு மகன் சாம்சனுக்கு உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் சித்தி சரோஜாவும், பின் போர்ஷனில் உன் அக்கா ஷாரோனும் மாப்பிள்ளை செந்தமிழனும் குட்டி நிலாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ஓமன் வெயிலில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். லீவு முடிந்து உன் கேம்ப் மாரி அங்கே வருகிறான், ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன், நீங்கள்தான் யாரும் காதில் வாங்கவில்லை. நிலா வந்தவாசிக்குப் போகவில்லை. தாயிடமே இருக்கிறாள். அக்காவுக்குத் தொப்பி ஆர்டர் வந்துவிட்டது. இனி நீ நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கு.

சித்திரையில் சம்பந்தியம்மா மீனம்மாள் வந்தவாசியிலிருந்து வந்து சொன்னது உனக்குத் தெரியும். ஒன்பதாம் மாச ஊசி போட்டதும் பிள்ளையை எங்க வூட்டுக்குத் தூக்கினு போறேன், நீ பழையபடி கம்பெனியில சேர்ந்துக்கோ என்றார். கெட்ட மனுஷி இல்லை, லைன் வேலையில் வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறும்போது பிள்ளையை யார் பார்ப்பது என்பது அவர் கேள்வி. மாப்பிள்ளை தாயைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், கடைசியில் மின்விசிறியைப் பார்த்தான். நீயும் போனில் அத்தை சொல்வதுதான் சரி என்றுவிட்டாய். உன் அக்கா எழுந்துபோய் சித்தியின் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். மிஷின் கடகடவென்று ஓடுகிறது, என்ன தைக்கிறாள் என்று போய்ப் பார்த்தால் ஊசிக்குக் கீழே துணியே இல்லை. அழுவது வெளியே கேட்கக்கூடாதென்று வெறும் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த மிஷினில்தான் தொப்பி பிறந்தது. அவள் கம்பெனி லைனில் இருந்தபோது எல்லோரும் தலையை மூடித் தொப்பி போட வேண்டும், ஒரு முடி வெளியே தெரிந்தாலும் சூப்பர்வைசர் சத்தம் போடுவார், இடுப்பு வரைக்கும் சடை வைத்த பெண்கள் அதைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்தால் மதியத்துக்குள் மண்டை இடிக்கும். இவள் தொப்பியின் பின்பக்கத்தில் சடை இறங்குகிற மாதிரி நீளமாக ஒரு பை வைத்துத் தைத்தாள், அதற்கு சடைப்பை என்று பெயர் வைத்தது நான். முதல் தொப்பி அவளோடு வேலை பார்த்த சுபஸ்ரீக்கு. அவளைப் பார்த்துப் பத்துப் பேர் கேட்டார்கள், நான் தெருவில் ஆயிரம் பேர் என்று சொல்லி வைத்தேன். ஆனால் சில்லறையாக விற்றால் போதாது, கம்பெனியே வாங்க வேண்டும், கம்பெனிக்குள் யாரைத் தெரியும்? எனக்கு எல்லோரையும் தெரியும், பன்னிரண்டு வருஷம் ஒரகடத்தில் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக நின்றவன், எனக்கு வணக்கம் வைக்காத எம்.டி. கிடையாது. ஆனாலும் அவள் என்னைக் கேட்கவில்லை. அவள் பிடித்தது புதன்கிழமையை.

புதன்கிழமைதானே சுகாதார நிலையத்தில் பிள்ளைகளுக்கு ஊசி, வரிசை ஏரிக்கரை வரைக்கும் நிற்கும். கையில் பிள்ளையோடு இரண்டு மணி நேரம் நிற்கிற பெண்களுக்குப் பேசுவதைத் தவிர வேறென்ன வேலை. இவள் தொப்பிப் பேச்சை முதலில் எடுக்கவே மாட்டாள். யார் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள், எந்த ஹாஸ்டலில் சமைக்க ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, ஒருத்தியிடம் கேட்டதை இன்னொருத்தியிடம் சேர்த்துவிடுவாள். ஊசி இல்லாத புதன்கிழமையும் எடை பார்க்க என்று போய் நின்றாள். நர்ஸம்மா கனகலட்சுமி, போன வாரம்தானே பார்த்தே, ஒரே வாரத்துல உன் பொண்ணு இன்னா யானை ஆயிடுவாளா என்று கேட்டாராம். அக்காவின் போனில் எல்லா நம்பரும் பிள்ளைகள் பெயரில்தான், கவின் அம்மா, ரெட்டைப்பிள்ளை ஹாஸ்டல், மொட்டை போட்ட பாப்பா தண்டலம் என்று. அந்தக் கவின் அம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, புருஷன் வனமாமலை ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறான். வீடு கிடைக்காமல் திண்டாடியவளுக்கு அக்காதான் வரிசையில் விசாரித்துப் படப்பையில் ஒன்று பிடித்துக் கொடுத்தாள். அவள் சும்மா இருப்பாளா, ஏட்டி ஷாரோனு, ரெண்டு தொப்பியத் தா, அவுக சோத்துப் பையில வச்சு அனுப்புதேன் என்றாளாம். ஆக, தொப்பி தயிர்சாதத்தோடு கம்பெனிக்குள் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குப் போன், அந்தக் கம்பெனியில் கொள்முதல் பார்க்கிற பரசுராமன் சார். நிலா அந்த நேரம் பார்த்து ஊரையே கூட்டுகிறாள். உன் அக்கா, சார் பிள்ளை அழுவுது, ஒன்னேகாலுக்குத் தூங்கும், அப்போ நானே பண்றேன் என்று வைத்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது, பந்தியில போட்ட இலையை நீயே மடிச்சிட்டியேடி என்று கத்தினேன். அழுகையில பேசினா அவருக்கு அழுகைதான் சித்தப்பா கேக்கும் என்றாள். சொன்னபடி ஒன்றேகாலுக்குக் கூப்பிட்டாள், மாதிரித் தொப்பிகளோடு வெள்ளிக்கிழமை வாங்க என்றார். அடுத்த புதன் ஒன்பதாம் மாத ஊசி. வந்தவாசியில் மீனம்மாள் தொட்டில் வாங்கி வைத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை நான்தான் அழைத்துப் போனேன். அந்த ரூம் நம் சர்ச்சைவிடப் பெரிது, மேஜையின் இந்தக் கோடியிலிருந்து கத்தினால்தான் அந்தக் கோடிக்குக் கேட்கும். சார் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் கீதும்மா, ஆனா வூட்லேர்ந்து தைக்கிறீங்க, கைக்குழந்தை வேற, சரக்கு லேட்டானா எங்களுக்குத் தொல்லையாச்சே என்றார். ஷாரோன் முகம் செத்துப்போனது. நான் எழுந்தேன். சார், உங்க லைன் நின்னா ஒரு சைரன்தான் அடிக்கும், எங்க வூட்ல பால் அஞ்சு நிமிஷம் லேட்டானா தெருவே எழுந்துக்கும், நேரம்னா இன்னான்னு புள்ள பெத்தவளுக்கு யாராவது சொல்லித் தரணுமா என்றேன். ஐம்பது பேர் கைதட்டினார்கள், அங்கேயே ஆர்டர்.

துணி கம்பெனியே கொடுக்கிறது, வரிசையில் பழகிய மூன்று அம்மாக்கள் அவரவர் வீட்டில் தைக்கிறார்கள், முதல் மாதச் சரக்கு ஒரு நாள் முன்னாலேயே போய்விட்டது. மீனம்மாளுக்குக் கொஞ்சம் வருத்தம், வாங்கின தொட்டில நானா படுத்துக்கப் போறேன் என்று கேட்டுவிட்டு, அதை பஸ்ஸில் ஏற்றி அவரே கொண்டுவந்து கட்டினார். அதில் போட்டால் நிலா முக்கால் மணி நேரத்துக்குப் பதிலாக ஒன்றரை மணி நேரம் தூங்குகிறாள், அக்காவின் ஆபீஸ் நேரம் இரண்டு மடங்காகிவிட்டது. நீ அன்றைக்கு அத்தை பக்கம் பேசினது அவள் மனதில் இருக்கிறது, வாயால் சொல்லமாட்டாள், நீயே கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசிவிடு. காலையில் வெறும் டீயோடு வேலைக்கு ஓடாதே.

இதை ஒட்டுவதற்கு முன் உன் சித்தி வாங்கிப் படித்தாள். சைரன் வந்த இடத்தில் நிறுத்தி, யோவ், நீ எந்த ரூம்ல எழுந்து நின்னே, அன்னிக்குத் தொப்பி மூட்டையைத் தூக்கினு அவகூட போனது நானு, பேசினது அவ, அவ தம்பிக்கே மாத்தி எழுதறியா, நீ உண்மையை எழுது, இல்லாட்டி கீழே நான் எழுதுவேன் என்கிறாள். அவள் கையெழுத்து உனக்குப் புரியாது என்பதால் நானே எழுதுகிறேன். அந்த சைரன் வார்த்தை உன் அக்காவுடையது. முகம் ஒன்றும் சாகவில்லை, உட்கார்ந்தபடியே சொன்னாளாம். ரூமில் இருந்தது மூன்றே பேர், யாரும் கைதட்டவில்லை. நான் அன்றைக்கு வீட்டில் நிலாவோடு இருந்தேன். தாயை விட்டு அவள் இருந்த முதல் நாள் அது, பதினோரு மணி வரைக்கும் என் தோளில் அழுதாள், ஸ்பூனில் பால் கொடுத்தால் துப்பினாள், சட்டையை இரண்டு தடவை மாற்றினேன். கடைசியில் மீந்திருந்த தொப்பி ஒன்றை என் தலையில் மாட்டி, பின்னால் சடைப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவளைத் தூக்கித் தெருக்கோடி வரைக்கும் நடந்தேன். தெருவே பார்த்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள், அப்படியே தூங்கிவிட்டாள். ஒரு மணிக்கு அவர்கள் வரும்வரை நான் கையை அசைக்கவில்லை.

இதை மாரியிடம் சொல்லாதே, கேம்ப் முழுக்கப் பரப்பிவிடுவான். அக்காவைக் கூப்பிடுவதென்றால் உங்கள் நேரம் பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிடு, அப்போதுதான் பிள்ளை தூங்கும். ஆண்டவர் உன்னை வெயிலிலும் வேலையிலும் கைவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
அன்றைக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட உன் சித்தப்பா
மா. ஏசுபாதம்